சர்க்யூட் வாரம்

7 ஜூலை 2025, திங்கள்
சுங்கை சிப்புட்ல ரொட்டி சானாய் பசியாறிட்டு ஈப்போ ஏர்போர்ட்டுக்கு ஓடுனா எட்டு மணிக்கெல்லாம் ப்ளேன்ல ஏறிடலாம், அதுக்கு மேல வெயில் ஏறிடுச்சுனா மறுநடவுக்கு வெட்டிப் போட்ட செம்பனை நிலம் சூடாகி ப்ளேன தூக்கித் தூக்கிப் போடும். என்கிட்ட ப்ளேன் ஓட்டக் கத்துக்க வந்த புது பொண்ணு, தோட்டத்து லயத்துல வளந்த புள்ள, இன்னிக்கு எட்டு சர்க்யூட், அதாவது ஏறி ரன்வேய ஒரு சுத்து சுத்தி மறுபடி இறங்கறது. 1000 அடி உயரம், ரன்வேக்கு பக்கவாட்டுல போற டவுன்விண்ட், குறுக்க திரும்பற பேஸ், நேரா ரன்வேய பாத்து இறங்கற ஃபைனல் எல்லாம் கோடு போட்ட மாதிரி வருது, கடைசி 20 அடிலதான் சொதப்பல்.

8 ஜூலை
அதே கதை. சின்ன செஸ்னா 172 ப்ளேன், மெதுவா இறங்க றெக்கைக்கு பின்னால இறக்குற ஃப்ளாப் 30 டிகிரி, ஃபைனல்ல 65 நாட் பிடிமானா பிடிக்குது. ஆனா தரை தொடறதுக்கு முன்னாடி மூக்க தூக்குற ஃப்ளேர்ல சீக்கிரமே யோக்க, அதான் கையில பிடிக்கிற ஸ்டீயரிங்க, இழுத்துடுது, ப்ளேன் மறுபடி மேல எழும்பி வேகம் செத்து டொம்முனு விழுது. மூணாவது தடவ தவ்வினப்ப நான் கண்ட்ரோல வாங்கி ஃபுல் பவர் குடுத்து ஃப்ளாப்ப 20க்கு ஏத்தி இறங்காம மறுபடி மேல ஏத்தி கோ அரவுண்ட் போயிட்டேன். கீழ இறங்கினா புள்ள மூஞ்சியே செத்துப் போச்சு. என் மேலயும் தப்பு இருக்கு, ஃபைனல் பூரா "இழு, இழுக்காத, இரு இரு"ன்னு வாய் ஓயல, அந்த நேரத்துல யாருக்கு காதுல ஏறும்?

10 ஜூலை
நேத்து மழை, ஒண்ணும் நடக்கல. இன்னிக்கு ப்ளேன்ல ஏறுறதுக்கு முன்னாடி தே தாரேக் வாங்கிக் குடுத்து கேட்டேன், இறங்கறப்ப எங்கமா பாக்குற? "மூக்குக்கு முன்னாடி ரோட்ட சார்." அடப்பாவி, இத முதல் நாளே கேட்டிருக்கணும். தோட்டத்து செம்மண் ரோட்ல மோட்டார் ஓட்றப்ப முன் டயரயா பாப்பனு கேட்டேன், சிரிச்சிடுச்சு. கிட்ட பாத்தா தரை சும்மா சர்ருனு ஓடும், உயரமே தெரியாது. ரன்வே கடைசிய பாத்தாதான் ரெண்டு ஓரமும் கண்ணு முன்னால விரியறது தெரியும், நம்ம கீழ உக்கார்றது தெரியும்.

11 ஜூலை, வெள்ளி
ஆறு சர்க்யூட். ஃபைனல் திரும்பினதும் நான் வாயே திறக்கல, கை மட்டும் யோக்லேர்ந்து நாலு விரல் தள்ளி. அஞ்சாவதுல புள்ள பவர் மூடி, இழுத்து, பிடிச்சி, இன்னும் பிடிச்சி, றெக்க தூக்குறத விடப் போகுதுனு எச்சரிக்கிற ஸ்டால் ஹார்ன் மெல்ல ஊளையிட ஆரம்பிச்சதும் பின் சக்கரம் ரெண்டும் க்ரீச்.

"சார், ஒண்ணுமே சொல்லலயே?"

மறு கையால கால்சட்டைய எவ்ளோ இறுக்கிப் பிடிச்சிருந்தேன்னு அப்பதான் பாத்தேன், முட்டிகிட்ட ஒரே கசங்கல். ஆறாவது மறுபடி டொம்.