இதாக்கா: ஒடிசியஸின் தீவில் கிடைத்த அமைதி

கிரேக்கத்தில் கூட்டமில்லாத தீவு ஒன்றைத் தேடுபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் இதாக்கா. அங்கு விமான நிலையம் கிடையாது. பெருங்கூட்டம் வராததற்கு அதுவே முதற்காரணம். அண்டைத் தீவான கெஃபலோனியாவின் சாமி துறைமுகத்தில் கப்பலேறினால் அரை மணி நேரத்தில் பிசாயேத்தோஸ் வந்துவிடுகிறது. ஆனால் அங்கே ஊரே இல்லை, மலையடிவாரத்தில் ஒரு கப்பல் துறை மட்டும்தான். உடன் வந்தவர்கள் தத்தம் வண்டிகளில் கிளம்பிய பிறகு எஞ்சியிருந்தது ஒரே ஒரு வாடகைக் கார். தீவின் தலைநகரான வாத்தி ஏறத்தாழ 7 கிலோமீட்டர்தான். அதற்கு ஓட்டுநர் 40 யூரோ கேட்டார். பேரம் பேசியதற்கு, வேண்டுமானால் நடந்து செல்லுங்கள் என்று மலைச்சாலையைக் காட்டினார். எங்கள் இருவருக்கும் ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கியிருந்த தொகை அப்படியே அவர் கைக்குப் போனது. அதில் பாதிதான் நியாயமான கட்டணம் என்று விடுதி நடத்தும் அம்மையார் பின்னர் சொன்னபோது எரிச்சல் இரட்டிப்பானது. மறுநாளே ஸ்கூட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம் வேண்டும்.

வாத்திக்குத் தெற்கே அரெத்தூசா ஊற்றுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதைதான் இந்தப் பயணத்தின் உச்சம். 'ஒடிசி' காவியத்தின் நாயகனும் இதாக்காவின் அரசனுமான ஒடிசியஸின் விசுவாசமான ஊழியன், பன்றி மேய்ப்பன் யூமேயஸ், காக்கைப் பாறைக்கருகில் இந்த ஊற்றில் தன் மந்தைக்குத் தண்ணீர் காட்டியதாகப் பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடியிருக்கிறார். செங்குத்தான அந்தப் பாறையும், அதன் கீழே புதர்களுக்கிடையே இருண்ட குழியாகத் தெரியும் ஊற்றும், அதற்கும் கீழே கடலில் பேராப்பிகாதி என்னும் குட்டித் தீவும் ஒரே பார்வையில் அடங்குகின்றன. நுழைவுச்சீட்டு இல்லை, வழிகாட்டி இல்லை, வழியில் ஓர் ஆளைக்கூடக் காணவில்லை. ஆட்டு மணியோசை மட்டும் எங்கோ மேலிருந்து கேட்டது. நிழலே இல்லாத பாதை என்பதால் காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுவது நல்லது.

வடக்கே ஸ்தாவ்ரோஸ் ஊரில் உள்ள அருங்காட்சியகம் மிகச் சிறியது. அருகிலுள்ள பொலிஸ் விரிகுடாவின் குகையில் 1930களில் சில்வியா பெண்டன் நடத்திய அகழாய்வில் வெண்கல முக்காலிகள் பலவும், ஒடிசியஸுக்கான நேர்த்திக்கடன் என்று கிரேக்கத்தில் கீறப்பட்ட சுடுமண் முகமூடித் துண்டு ஒன்றும் கிடைத்தன. உள்ளங்கையில் அடங்கக்கூடிய அந்த உடைசலின் எதிரே நெடுநேரம் நின்றேன். கதைமாந்தன் ஒருவனிடம் மக்கள் வேண்டிக்கொண்டு வந்து காணிக்கை செலுத்தியிருக்கிறார்கள் என்பதை நினைக்கையில் மெய்சிலிர்த்தது. ஹோமரின் இதாக்கா இதுவன்று, வடக்கிலுள்ள லெஃப்கதா தீவு என்றும் கெஃபலோனியாவின் மேற்குப் பகுதி என்றும் வாதிடும் அறிஞர்கள் உண்டு. அவர்கள் வாதம் எப்படியிருப்பினும், பழங்காலத்தவர் ஒடிசியஸைத் தேடி இந்தத் தீவுக்கு வந்தார்கள் என்பதற்கு அந்தத் துண்டே எனக்குப் போதுமான சான்று.

1953 ஆகஸ்டில் ஏற்பட்ட நிலநடுக்கம் தீவின் பெரும்பாலான வீடுகளைத் தரைமட்டமாக்கியது. அதிகம் சேதமடையாமல் தப்பிய ஊர்களுள் ஒன்று கியோனி. அங்கே கடலோர உணவகத்தில் சாப்பிட்ட சவோரோவை இன்னும் மறக்க முடியவில்லை. பொரித்த மீனைப் பூண்டு, ரோஸ்மேரி, உலர்திராட்சை சேர்த்த வினிகரில் ஊறவைத்து, ஆறிய பிறகே பரிமாறுகிறார்கள். முதல் வாயில் புளிப்பு தூக்கலாகத் தெரிந்தது. அடுத்த வாயில் திராட்சையின் இனிப்பு வந்து அதைச் சமன் செய்ய, தட்டில் எஞ்சிய சாற்றையும் ரொட்டியால் துடைத்து உண்டோம். பின்னர் வந்த ரொவானி, அரிசியும் தேனும் கிராம்பும் சேர்த்துச் செய்யும் இனிப்பு. நம்மூர்ச் சர்க்கரைப் பொங்கலை வில்லை போட்டு அடுக்கியதைப் போல இருந்தது. பணத்தை எண்ணி எண்ணிச் செலவிட்ட இந்தப் பயணத்தில் யோசிக்காமல் கொடுத்த ஒரே தொகை அந்த உணவுக்கானது.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். அறை வாடகை ஏறிவிடும், வெயிலும் கடுமை. குளிர்காலத்தில் கப்பல் சேவை குறைகிறது. மே, ஜூன் அல்லது செப்டம்பரே ஏற்ற காலம். விடுதியை முன்பதிவு செய்யும்போதே துறைக்கு வண்டி அனுப்பக் கேட்டு, கட்டணத்தையும் எழுத்தில் உறுதி செய்துகொண்டால் அந்த 40 யூரோவில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகும்.