கவர் என் கைக்கு வந்தபோது

அலுவலகத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார், பரிசு வாங்க ஒரு கவர் சுற்றி வந்தது. யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பர்ஸைத் திறந்ததும் விரல் நேராகப் பெரிய நோட்டில்தான் போய் நின்றது, ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார், அந்த இரண்டு நொடிக்குள் 'அதான் இத்தனை பேர் போடுகிறார்களே, நான் குறைத்தால் பரிசு சின்னதாகிவிடுமா என்ன' என்று ஒரு கணக்கு ஓடி, விரல் சின்ன நோட்டுக்கு நகர்ந்துவிட்டது. வாழ்த்து அட்டையில் மட்டும் கையெழுத்தை எல்லோரையும் விடப் பெரிதாகப் போட்டேன்.

இதையே ஆய்வாளர்கள் ஒரு விளையாட்டாக நடத்திப் பார்க்கிறார்கள். நாலு பேர், ஆளுக்கு 20 டோக்கன். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் பொதுவில் போடலாம், மிச்சம் அவரவருக்கே. பொதுவில் போடுவது 1.6 மடங்காகி நாலு பேருக்கும் சமமாகப் பிரியும். எல்லோரும் முழுசாகப் போட்டால் ஆளுக்கு 32. மற்ற மூவரும் போட்டு நான் மட்டும் கையை மடக்கிக்கொண்டால் எனக்கு 44, அவர்களுக்கு 24. முதல் சுற்றில் பாதிக்குப் பக்கமாகப் போடுகிறவர்கள்கூட, சுற்று ஏற ஏற குறைத்துக்கொண்டே வருவார்கள்.

2012இல் டேவிட் ராண்ட் என்ற ஆய்வாளரும் இன்னும் இருவரும் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்: சட்டென்று முடிவெடுக்க வைத்தால் ஜனங்கள் தாராளமாகப் போடுகிறார்கள், யோசிக்க விட்டால் கை சுருங்குகிறது என்று. படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். என் விரலும் முதலில் பெரிய நோட்டுக்குத்தானே போனது, அடிப்படையில் நான் நல்லவன்! 2017இல் 21 ஆய்வகங்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தன. அவசரப்படுத்தியதால் தாராளம் கூடியதாகத் தெரியவில்லை. சரி, அந்தச் சான்றிதழும் போச்சு.

என்னைக் கேட்டால், அன்று எனக்கு மனக்கட்டுப்பாடு தோற்றது என்றே சொல்ல மாட்டேன். அதைக் கூப்பிடவே இல்லை. 'மற்றவர்கள் காசில் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாய்' என்று மனசு சொல்லியிருந்தால் கூசிப்போயிருப்பேன். அது என்னவோ வெறும் கூட்டல் கழித்தல் மாதிரி வந்தது, சபலம் என்றே தெரியவில்லை.

அதனால் இப்போது, யாராவது கிளம்புகிறார் என்று காதில் விழுந்ததுமே பெரிய நோட்டை எடுத்துச் சட்டைப் பையில் தனியாக வைத்துவிடுகிறேன். போன தடவை கவர் வந்து சேர மூன்று நாள் ஆனது. இரண்டாம் நாளே அந்த நோட்டை ஏதோ அவசரத்துக்கு மாற்றிவிட்டேன்.