முதல் அளவு எங்கே?

"முதல் அளவு என்ன?" என்று பக்கத்து வீட்டுக் கிழவர் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கிலாந்துக்கு வந்து ஏழாவது கிறிஸ்மஸ், என் கையால் செய்த கள்ளில் ஒரு போத்தலைப் பெருமையோடு கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன், மனிதர் வாயில் வைக்கவேயில்லை. உயரமான கிளாஸில் ஊற்றி, அதற்குள் ஒரு கண்ணாடிக் குச்சியை மிதக்கவிட்டார்.

அந்தக் குச்சி எனக்குப் புதிதில்லை. ஊரில் பால் சேர்க்க வருகிறவர் இப்படித்தான் ஒன்றைப் பாலுக்குள் விட்டு, தண்ணீர் கலந்தவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பார். பிடிபட்டவனைப் போலக் கூசிப்போய் நின்றேன்.

கள் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். இங்கே மரம் ஏது? பெட்டியில் விற்கிற இளநீரில் சீனியும் ஈஸ்டும் போட்டு, ஹீட்டருக்குப் பக்கத்தில் நாலு நாள் வைத்த சங்கதி.

கிழவர் நாவல்பழம் மாதிரிக் கறுத்த ஒரு பற்றைப்பழத்தில் வருடாவருடம் வைன் போடுகிறவர். 1963 வரைக்கும் வீட்டில் பியர் காய்ச்சவே லைசன்ஸ் வேண்டுமாம், இப்போது தன் குடிக்கு எவ்வளவும் போடலாம், சாராயமாகக் காய்ச்சி வடித்தால் மட்டும் குற்றம். வெறும் தண்ணீரில் குச்சி காட்டுவது 1.000. சீனி கரைந்த நீர் கனம், குச்சி மேலே நிற்கும். ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்ன நீர் இலேசாகி, குச்சி தாழும். அவருடைய வைன் தொடக்கத்தில் 1.090, முடிவில் 0.998. கழித்து 131.25ஆல் பெருக்கினால் மதுசாரம் 12 வீதம். ஆனால் முதல் அளவை விட்டவனுக்குக் கணக்கே இல்லை. இந்த நாட்டில் எதற்கும் அதுதானே? வந்த திகதி என்ன, முதல் விலாசம் என்ன, இதற்கு முன் எங்கே இருந்தாய்?

கள்ளுக்கு முதல் அளவு எடுப்பது எப்படி ஐயா? பாளையைச் சீவி முட்டியைக் கட்டினால் சொட்டச் சொட்ட மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும், சுண்ணாம்பு தடவினால்தான் இனிப்பாக நிற்கும். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் பெரியப்பா குச்சியை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் தென்னையில் ஏறவேண்டும். ஏறினாலும் அந்தக் குச்சி 20 பாகைக்குக் குறித்தது, எங்கள் ஊர் 30 பாகை வெயிலில் 0.002, 0.003 குறைத்தே காட்டும். குச்சிக்கும் எங்கள் வெயில் ஒத்துக்கொள்ளாது.

கிழவருக்கு என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். இன்னொரு வழி சொன்னார். நுரையை அடித்துப் போக்கிவிட்டு ஒருதரம் அள, பிறகு அளந்து எடுத்த கள்ளைப் பாதியாக வற்றும்வரை கொதிக்கவிடு, ஆறினதும் பழைய அளவுக்குச் சுத்தமான தண்ணீர் விட்டு மறுபடி அள. வெறி எல்லாம் ஆவியாகப் போயிருக்கும், வித்தியாசத்தை அதற்கென்று இருக்கிற வேறு அட்டவணையில் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரவே செய்தேன். ஏழு வருடத்தில் இந்தக் குளிரும் இருட்டும் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லித் திரிகிறவன் நான். சட்டி கொதித்து அந்தப் புளித்த வாடை குசினிக்குள் எழும்பினதும் என்ன ஆனதென்று தெரியவில்லை, பெரியப்பா முட்டியில் காதை வைத்து, "இரைச்சல் இன்னும் அடங்கல்ல, பொறு" என்கிறார், வாவிப் பக்கமிருந்து காற்று வருகிறது, யாரோ இறால் பொரிக்கிறார்கள். புகை அலாரம் கத்தியபிறகுதான் அடுப்பை நிற்பாட்டினேன். முன்னே 1.008, பின்னே 1.015. ஏறக்குறைய 5 வீதம். உண்மைக் கள்ளும் கிட்டத்தட்ட அவ்வளவுதானே என்று துள்ளினேன்.

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தேன்.

"அங்க போயுமா மனே கள்ளு?"

"பெரியப்பா எப்படியம்மா அளந்தவர்?"

"எத்தின சிரட்டையில எழும்ப ஏலாமப் போகுதோ, அதுதான் அவர்ர அளவு. மறுகா நான்தான் போய்க் கூட்டியாறது."

இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தேன். லீற்றருக்கு 70 கிராம் சீனி, முதல் அளவு 1.046, போத்தலில் ஒட்டுத்தாளில் எழுதியும் வைத்தேன். முடிவில் 1.002, அதாவது 5.8 வீதம். கிழவர் தலையாட்டி ஒரு கிளாஸ் குடித்தார், பிறகு இன்னொன்று கேட்டார். மிச்சத்தை மூடாமல் விட்டதில் மூன்று கிழமையில் வினாகிரியாகிவிட்டது. மனைவி அதில் அச்சாறு போட்டுவிட்டாள். ஒட்டுத்தாள் இன்னும் அந்தப் போத்தலில்தான் இருக்கிறது.