எஸ்டிஎஸ் ரிப்போர்ட் அப்ரூவ் ஆகிடுச்சு: கிராமத்துல ஸ்டடி பண்ணப்போற ஜூனியர்ஸுக்கு

ஐசிஎம்ஆர் எஸ்டிஎஸ் (மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் ரெண்டு மாசம் சின்னதா ஒரு ரிசர்ச் பண்ற ஸ்கீம்) ரிப்போர்ட் அப்ரூவ் ஆகிடுச்சு மக்களே. ரிப்போர்ட்ட ஏத்துக்கிட்டாதான் சர்டிபிகேட்டும் ஸ்டைபண்டும், அதனால லிஸ்ட்ல என் ஐடிய பாக்கற வரைக்கும் சோறு இறங்கல. எப்படி பண்ணுனேன்னு ஜூனியர்ஸ் நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, மறக்கறதுக்குள்ள எழுதிடறேன்.

முக்கியமா ஒண்ணு. ப்ரொபோசல் எழுதறதுக்கு முன்னாடி அந்த ஊரு வில்லேஜ் ஹெல்த் நர்ஸ் கூட ஒரு நாளாவது சுத்துங்க. பப்மெட்ல ரிசர்ச் பேப்பர் தேடறதெல்லாம் அப்புறம். நான் "கிராமத்துல பிரஷர் எத்தன பேருக்கு இருக்கு"ன்னு பண்ணலாம்னு போனேன், நர்ஸ் அக்கா சொன்னாங்க, "அது எங்க லிஸ்ட்லயே இருக்கு தம்பி, மாத்திரைய வீட்டுக்கே கொண்டுபோய் குடுத்தும் ஏன் சாப்பிட மாட்டேங்கறாங்கன்னு பாத்து சொல்லுங்க." மக்களைத் தேடி மருத்துவம் 2021ல ஆரம்பிச்சதுல இருந்து மாத்திர வாசலுக்கே வருது, ஆனா வயித்துக்குள்ள போகுதான்னு யாரு பாக்கறது? அதையே ரிசர்ச் கொஸ்டினா வச்சேன்.

இன்னொண்ணும் அவங்கதான் சொன்னாங்க. காலைல பத்து மணிக்கு காலேஜ் பஸ்ல போய் இறங்குனா வயசானவங்கதான் வீட்ல இருப்பாங்க, மத்தவங்க எல்லாம் நூறு நாள் வேலைக்கோ காட்டுக்கோ போயிருப்பாங்க, அப்ப நீங்க எடுக்கற சாம்பிள் அந்த ஊரோட சாம்பிளே கிடையாது. விடியகாலைலயும் பொழுது சாஞ்சப்புறமும்தான் வீட்டுக்கு போவோம்னு மெத்தடாலஜில எழுதுனேன். செலக்ட் ஆனதே அந்த வரியாலதான்னு நான் நம்பறேன்.

"மாத்திர டெய்லி சாப்பிடறீங்களா"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. ஒரு பாட்டியும் "தவறாம சாப்பிடறேன் சாமி"ன்னாங்க, ஸ்ட்ரிப்ப காட்டுங்கன்னதும் மஞ்சப்பைய கொட்டுனாங்க, அம்லோடிபின் (பிரஷர் மாத்திர) அட்ட அட்டையா பிரிக்காம கிடக்கு. "தல சுத்துனா ஒண்ணு போட்டுக்குவேன்"னாங்க. அவங்க பொய் சொல்லல, தவறாம சாப்பிடறதுன்னா அவங்களுக்கு அதுதான். அதனால கேள்வி மட்டும் போதாது, அட்டைய வாங்கி எண்ணுங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா:

- உங்க பேரு, கைடு பேரு, காலேஜ் பேரு ப்ரொபோசல்ல எங்கயும் வரக்கூடாது. மெத்தடாலஜில பழக்கதோஷத்துல காலேஜ் பேர போட்டு ரிஜெக்ட் ஆனவங்க நிறைய.
- சாம்பிள் சைஸ் (எத்தன பேர பாக்கணும்ங்கறது) 4பிக்யூ பை டி ஸ்கொயர். பி-ன்னா எதிர்பாக்கற சதவீதம், க்யூ-ன்னா 100ல பி போக மிச்சம், டி-ன்னா எவ்வளவு தப்பலாம்ங்கற அளவு. பி 50, டி 10 வச்சா 100 வரும். கிளஸ்டர் சாம்ப்ளிங்னா (தனித்தனி ஆளா இல்லாம தெரு, ஊருன்னு கூட்டமா எடுக்கறது) டிசைன் எஃபெக்ட் 2ஆல பெருக்கி 200. ரெண்டு மாசத்துல முடியற அளவுக்கு போடுங்க.
- மாத்திர ஒழுங்கா சாப்பிடறாங்களான்னு அளக்கற மோரிஸ்கி எட்டு கேள்வி ஸ்கேல சும்மா எடுத்து போடாதீங்க, லைசென்ஸ் வேணும்.
- பிபி மூணு தடவ, கடைசி ரெண்டோட ஆவரேஜ். அஞ்சு நிமிஷம் உக்கார வைங்க. டீயோ புகையிலையோ போட்டிருந்தா அரமணி நேரம் கழிச்சு.
- கன்சென்ட் ஃபார்ம் பேசற தமிழ்ல இருக்கட்டும். கைநாட்டுன்னா பக்கத்துல ஸ்டடிக்கு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கையெழுத்து.
- பிபி 180/110க்கு மேல வந்தா என்ன பண்ணுவீங்கன்னு ப்ரொபோசல்லயே எழுதுங்க. நோட்ல குறிச்சுட்டு அடுத்த வீட்டுக்கு போறது தப்பு, அன்னைக்கே பிஎச்சிக்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) அனுப்பணும்.

கைடு விஷயம். ஒரு சார் "ஃபீல்டு எதுக்கு, ரெக்கார்ட் ரூம்ல கேஸ் ஷீட் எடுத்து முடிச்சுடு"ன்னாரு, கேட்டப்ப மனசே விட்டுப்போச்சு. அப்புறம் கிடைச்ச மேம் முதல் நாள் எங்க கூடவே திண்ணைல உக்காந்து, நான் கேட்கறத கேட்டுட்டு, "நீ கேள்வி கேக்கற, அவங்க பரீட்ச எழுதறாங்க, கொஞ்சம் பேச விடு"ன்னாங்க. எந்த டிப்பார்ட்மென்ட், எத்தன பேப்பர்னு பாக்காதீங்க, ஊருக்கு வருவாங்களான்னு சீனியர்ஸ்கிட்ட விசாரிங்க. ஒரு கைடுக்கு ஒரு ஸ்டூடன்ட்தான், சீக்கிரம் போய் கேளுங்க. ஸ்டாட்ஸ் பயமா இருந்தா சென்னை ஐசிஎம்ஆர்-என்ஐஈயோட (தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்) ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ் கோர்ஸ் என்பிடெல்ங்கற ஆன்லைன் கோர்ஸ் தளத்துல ஃப்ரீயா பாக்கலாம், எனக்கு அது போதுமானதா இருந்துச்சு.

ரிப்போர்ட் அனுப்புன கையோட ரிசல்ட்ட ஒரே பக்கத்துல தமிழ்ல அடிச்சு சப் சென்டர்ல (அந்த ஊரு துணை சுகாதார நிலையம்) குடுங்க. நர்ஸ் அக்கா அத வாங்கிட்டு நேரா கேட்டது "எந்தெந்த தெருன்னு சொல்லுங்க"ன்னுதான். பேர் விவரம் வெளிய சொல்லக்கூடாது, ஆனா ஏரியா வாரியா சொல்லலாமான்னு எத்திக்ஸ் கமிட்டில முன்னாடியே அனுமதி வாங்கி வச்சுக்கோங்க. அந்த மீட்டிங் எப்பன்னும் இப்பவே கேளுங்க, சில காலேஜ்ல மாசக்கணக்குல கூடறதே இல்ல.