ரோஸ் நிறம் மங்கினால் மருந்தா?

செல் வளர்ப்பு அறையில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கிரீஸ் ரீஏஜன்ட் என்ற சோதனைத் திரவத்தைத் தெரிந்திருக்கும். செல்கள் மிதந்த திரவத்தில் கொஞ்சம் எடுத்து அதோடு கலந்தால் சில நிமிஷத்தில் ரோஸ் நிறம் வரும். நிறம் அடர்ந்தால் நைட்ரிக் ஆக்சைடு நிறைய வந்திருக்கிறது, செல்கள் அழற்சியில் கொதித்துப் போயிருக்கின்றன என்று அர்த்தம். "கடல் பூஞ்சையிலிருந்து மூளை அழற்சிக்கு மருந்து" என்று வருகிற செய்திகளில் பெரும்பாலானவை, பூஞ்சையின் சேர்மத்தை விட்டதும் இந்த ரோஸ் மங்கியதில்தான் தொடங்குகின்றன.

அந்தச் செல்கள் பெரும்பாலும் பிவி-2. எலியின் மைக்ரோக்ளியாவை, அதாவது மூளையின் காவல் செல்லை, வைரஸைக் கொண்டு சாகாமல் பெருகும்படி மாற்றி 1990-ல் உருவாக்கியது. வளர்ப்பது சுலபம், மலிவு. ஈ.கோலை பாக்டீரியாவின் மேலுறைப் பொருளான எல்.பி.எஸ்ஸைக் கொஞ்சம் விட்டாலே சீறும்.

தென்கொரியாவின் புசானில் இருக்கும் புக்கியோங் பல்கலைக்கழகக் குழு 2013-ல் செய்த வேலை எனக்குப் பிடித்த ஒன்று. கடலிலிருந்து எடுத்த மைக்ரோஸ்போரம் வகைப் பூஞ்சையிலிருந்து நியோஎக்கினுலின் ஏ என்ற சேர்மத்தைப் பிரித்தார்கள். செல்களைத் தூண்ட எல்.பி.எஸ்ஸுக்குப் பதிலாக, அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படிகிற அமைலாய்டு-பீட்டாவைப் போட்டார்கள். டிஎன்எஃப்-ஆல்ஃபா மாதிரியான அழற்சிப் பொருட்கள் குறைந்தன. அழற்சியால் சாக வேண்டிய பிசி-12 செல்களும் (இவை எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து வந்தவை, நரம்பு செல்லுக்குப் பதிலாள்) தப்பின. வெறும் ரோஸ் நிறத்தோடு நிற்காத வேலை. இதே சேர்மம் நிலத்துப் பூஞ்சைகளிலும் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பில் "கடல்" என்று இருந்தால் ஒரு கவர்ச்சிதான்.

பூஞ்சையில் எனக்குப் பிடித்தது வேறு. கடற்பஞ்சில் நல்ல சேர்மம் கிடைத்தால் டன் கணக்கில் பஞ்சுக்கு எங்கே போவது? பூஞ்சைக்கு அந்தக் கவலை குறைவு. வேகவைத்த அரிசி, கொஞ்சம் கடல் உப்பு, சில வாரம் பொறுமை. எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானில் ஊறவைத்து வடித்தால் சாறு கையில்.

அப்புறம் இடிக்கிற இடம். இந்த ஆய்வுகளில் பலவற்றில் சேர்மத்தை முதலில் விட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் எல்.பி.எஸ்ஸை விடுகிறார்கள். வியாதிக்கு முன்பே மருந்து! நிஜத்தில் அழற்சி வருஷக்கணக்கில் புகைந்த பிறகுதான் நோயாளி டாக்டரிடமே போகிறார். தவிர, வளர்ப்புத் தட்டில் இருக்கும் செல்லுக்கு, ரத்தத்தில் இருப்பதை மூளைக்குள் எளிதில் விடாத ரத்த-மூளைத் தடுப்பு என்று ஒன்று கிடையாது. விட்ட மருந்து முழுவதும் நேராகச் செல்லின் மேல் விழுகிறது. அந்தத் தடுப்பைத் தாண்ட முடியாமல் நின்றுபோகும் சேர்மங்கள்தான் அதிகம்.

அதனால் நம்பிக்கையே இல்லை என்று சொல்ல மாட்டேன். என் சித்தி மகளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய். அவள் சாப்பிடும் ஃபிங்கோலிமோடின் பூர்வீகமே ஒரு பூஞ்சைதான். கடல் பூஞ்சை அல்ல, பூச்சிகளின் மேல் வளரும் ஐசேரியா சின்கிளேரி. ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிட்டாவின் குழு அதிலிருந்து மிரியோசினைப் பிரித்தது. அது அப்படியே கொடுக்க முடியாத அளவுக்கு நச்சு. அமைப்பைக் கத்தரித்து, எளிமையாக்கி, ஃபிங்கோலிமோட் ஆக்கினார்கள். 2010-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அதன் முக்கிய வேலை மூளைக்கு வெளியே: லிம்ஃபோசைட்டுகளை (எதிர்ப்புச் சக்தியின் வெள்ளை அணுக்கள்) நிணநீர் முடிச்சுகளிலேயே பிடித்து வைத்து, மூளைப் பக்கம் போகவிடாமல் செய்கிறது. தட்டில் பிவி-2 செல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வழி கண்ணில் பட்டிருக்காது.

போன வாரம் அவள்தான் இப்படியொரு கடல் பூஞ்சை மருந்துச் செய்தியை அனுப்பி, "அண்ணா, இது வந்துட்டா என் மாத்திரையை விட்டுடலாமா?" என்று கேட்டாள். இது வர இன்னும் ரொம்ப தூரம், இருக்கிற மாத்திரையை நீயாக நிறுத்தாதே என்றேன். ஃபிங்கோலிமோடை நிறுத்தினால் சிலருக்கு நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம் என்று 2018-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது. நிறுத்துவதோ மாற்றுவதோ உன் நரம்பியல் டாக்டரிடம் பேசிவிட்டு, என்றேன்.