நரம்பு நுனி

ஜூன் 22, 2025, ஞாயிறு

தம்பி சிங்கப்பூர் திரும்பும்போது பரணில் போட்டுவிட்டுப் போன தூண்டில் ராடை இன்று இறக்கினேன். ஆறடி. ஆட்டினால் தென்னை ஈர்க்கு மாதிரி துவள்கிறது. ரீலில் 0.25 மில்லிமீட்டர் தூண்டில் நரம்பு. நாலு கிலோ தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. சித்தப்பா கையில் வாங்கி வளைத்துப் பார்த்தார். "இது ஜிலேபிக் கெண்டை பிடிக்கிற சாமானும்மா." அவருடையது மூங்கில் கம்பு, மயிலிறகுத் தக்கை, கன்றுக்குட்டியையே கட்டிப் போடலாம் போல ஒரு நரம்பு.

எங்கள் குளம் பாபநாசம் பக்கம், குடமுருட்டித் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து ரொம்பும். (திருநெல்வேலிக்காரர்கள் குழம்ப வேண்டாம், இது தஞ்சாவூர்ப் பாபநாசம்.) 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, 15ஆம் தேதி கல்லணை திறந்து, வாய்க்காலில் தண்ணீரைக் கண்ணால் பார்த்தது இந்த வாரம்தான். குத்தகை எடுத்த ஆறு பேரில் சித்தப்பாவும் ஒருவர் என்பதால் எனக்குத் தூண்டில் போட அனுமதி. பங்குனியில் வலை இழுத்தபோது நாலைந்து பெரிய கட்லா மீன் வலைக்கு மேலே எகிறித் தப்பிவிட்டதாம். எனக்கு அதுகள் மேல்தான் கண்.

ஜூன் 29, ஞாயிறு

முதல் பெரிய மீன். எட்டு நொடி இருந்தது.

இரை சித்தப்பாவின் கைப்பக்குவம். ராத்திரியே ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு, வாசம் வரும்வரை வறுத்த தவிடு, கையில் ஒட்டாத அளவுக்கு மைதா. நெல்லிக்காய் அளவு உருட்டி, தூண்டில் முள் நுனி மட்டும் தெரிகிற மாதிரி பொதிய வேண்டும். கட்லாவுக்கு வாய் மேல் பார்த்து இருக்கும், தரையில் மேய்கிற ஜாதி இல்லை. அதனால் தக்கையை ஏற்றிக் கட்டி இரையை மூன்றடி ஆழத்தில் தொங்கவிட்டோம். அது கங்கைச் சமவெளி மீன். குஞ்சு விட்டு விட்டு இப்போது நம் குளத்துப் பிள்ளை ஆகிவிட்டது. தரையில் மேய்கிற மிர்காலும் அப்படி வந்ததுதான். பழம்பாட்டில் துள்ளுகிற சேல், கயல் மீன்களைக் கேட்டால் மீன்கடையில் முழிக்கிறார்கள்.

ஜிலேபி என்றால் தக்கை வெடுக் வெடுக்கென்று ஆடும். இது ஆடவில்லை. யாரோ அடியிலிருந்து உறிஞ்சுகிற மாதிரி மெல்ல இறங்கியது. சுண்டினேன். ராடு வளைந்தது, ரீல் ஒருமுறை கிர்ரென்றது, அப்புறம் கையில் ஒன்றுமில்லை.

"நரம்பு அறுந்துடுச்சு சித்தப்பா."

"எங்க, நுனியக் காட்டு." நகத்தில் வைத்துப் பார்த்தார். நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தது. "அறுந்தா இப்படி சுருளாதும்மா. உன் முடிச்சு நழுவியிருக்கு."

நான் மூன்று சுற்றுதான் சுற்றியிருந்தேன். காய்ந்த நரம்பை அப்படியே இறுக்கியும் இருந்தேன். ஆறேழு சுற்று வேண்டுமாம். எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் உரசுகிற சூட்டிலேயே நரம்பு பழுதாகும்.

ஜூலை 2, புதன்

பிரஸ்ஸில் இன்று எட்டுக் கல்யாணப் பத்திரிகை, எல்லாம் ஆனி முகூர்த்தம். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தொழிலில் ஈ ஓட்டலாம். ஈ ஓட்டுகிற நேரத்தில் மீன் பிடிக்கலாம் என்பதுதான் என் கணக்கு.

ராத்திரி வாசல் திண்ணையில் டிராக் பரிசோதனை. ரீலின் முகப்பில் இருக்கும் அந்தத் திருகைத் தளர்த்தினால், குறிப்பிட்ட இழுப்புக்கு மேல் நரம்பைத் தானாகவே விட்டுக்கொடுக்கும். தம்பி போனில் சொன்னது: நரம்பு தாங்குகிற எடையில் கால்வாசிக்கும் மூன்றில் ஒன்றுக்கும் நடுவில் வை. நாலு கிலோ நரம்புக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நுனியில் கட்டி, ராடைச் சாய்த்துப் பிடித்துத் தூக்கினேன். ஞாயிற்றுக்கிழமை நான் வைத்திருந்த இறுக்கத்தில் பாட்டில் தரையை விட்டு ஜம்மென்று எழுந்தது, ரீல் கிர்ரெனக்கூட இல்லை. அரைத்திருகு அரைத்திருகாகத் தளர்த்தி, பாட்டிலை மெல்லத் தூக்கினால் எழும்பி, கொஞ்சம் வெடுக்கென்றால் நரம்பு வழுகும் இடத்தில் நிறுத்தினேன். அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டாவதும் போச்சு. இந்த முறை ஆறேழு நிமிஷம் இருந்தது.

முடிச்சு நின்றது. டிராக்கும் விட்டுக்கொடுத்தது. நான்தான் சும்மா இருக்கவில்லை. படித்துறையில் நாலு பையன்கள் "இழுக்கா, இழு இழு!" என்று கத்த, மீன் ஓட ஓட நானும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். நரம்பு வெளியே போகும்போது சுற்றினால் உள்ளே ஒரு சாண்கூட வராது, முறுக்கு மட்டும் ஏறும். ஏறிய முறுக்கு ரீலில் கொத்தாகப் பொங்கி நிற்க, அதை நான் பிரிப்பதற்குள் மீன் அல்லிக்குள் போய், அங்கிருந்து பழைய படித்துறைக் கல்லுக்குப் போய்விட்டது.

சித்தப்பா நுனியைத் தடவிப் பார்த்தார். சுருள் இல்லை, பஞ்சு பிரிந்த மாதிரி சொரசொரப்பு. "கல்லு." அவ்வளவுதான் சொன்னார். கோபத்தில் நான் கரையில் பிய்த்துப் போட்ட நரம்பைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். போன வருஷம் ஒரு கொக்குக் காலில் சுற்றிக் கிடந்ததைக் கத்தி வைத்து அறுத்துவிட்டவர் அவர்.

துணி துவைத்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருத்தி, "பொம்பளைக்கு எதுக்குடி தூண்டிலு, மார்க்கெட்ல வெட்டியே குடுக்குறானே" என்றாள். நியாயம்தான்.

ஜூலை 13, ஞாயிறு

சாதாக் கெண்டை ஒன்று, முக்கால் கிலோ. முதுகுத் துடுப்பின் முதல் முள் ரம்பம் மாதிரி இருக்கிறது, விரலில் கீறிவிட்டது. மீன் புரளும்போது நரம்பு அதில் பட்டாலும் அறுக்குமாம். கட்லாவுக்கு அந்த ரம்பம் இல்லை. 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்த மீன் இது, இங்கே எந்தக் குளத்தில்தான் இல்லை!

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. வீட்டில் மீன் என்று வாயைத் திறக்கக் கூடாது. ராடு கதவுக்குப் பின்னால் நிற்கிறது, அதையும் அம்மா துண்டு போட்டு மூடியிருக்கிறார்.

ஜூலை 27, ஞாயிறு

ஆடிக்காற்று. தக்கை தெரியாத அளவுக்கு அலை. ஏழே முக்காலுக்குத் தக்கை இறங்கியதை நான் பார்க்கவில்லை; நரம்பு காற்றுக்கு எதிராக நகர்ந்தது, அதைத்தான் பார்த்தேன்.

முதல் ஓட்டம் நேராக நடுக்குளத்துக்கு. ரீல் கத்தியது. கைப்பிடியை விட்டுவிட்டு வலது கையை நைட்டி மேல் போட்டிருந்த துண்டில் துடைத்துக்கொண்டேன், வேறு வேலை இல்லாததால். நின்றதும் ராடை மெல்ல உயர்த்தி, தாழ்த்தும்போது மட்டும் சுற்றினேன். உயர்த்து, தாழ்த்திச் சுற்று. பத்து முழம் வரும், பதினைந்து முழம் போகும். மணிக்கட்டு நடுங்கியது.

அப்புறம் அல்லிப் பக்கம் திரும்பியது. "கம்ப மேல தூக்காத, படுக்கப் போடு, இந்தப் பக்கம்!" என்றார் சித்தப்பா. ராடைத் தண்ணீரோடு தண்ணீராகச் சாய்த்துப் பக்கவாட்டில் இழுத்தேன். தலைக்கு மேலே தூக்கி இழுத்தால் மீன் போகிற போக்கில்தான் போகிறது; பக்கத்திலிருந்து இழுத்தால் தலை திரும்புகிறது, தலை போன பக்கம்தானே உடம்பு. இலைக்கு ஒரு பாகம் தூரத்தில் திரும்பியது. அந்தத் திருப்பத்தைக் கையில் உணர்ந்தேன், கயிற்றில் கட்டிய குடம் கிணற்றுக்குள் பக்கவாட்டில் சாய்கிற மாதிரி.

மேலே வந்து ஒருமுறை வாய் பிளந்து காற்றைக் குடித்தது. பித்தளைத் தாம்பாளம் மாதிரி செதில், என் முஷ்டி நுழையும் வாய். முடிந்தது என்று நினைத்தேன். வலையைக் கண்டதும் மறுபடி இருபது முழம்.

சித்தப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். இரும்பு வளையத்தில் பழைய விசிறுவலைத் துண்டைக் கட்டிய அவர் வலையை முழுக்கத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அசையாமல் பிடித்தார். பையன் ஒருவன் நரம்பைக் கையில் பிடித்து இழுக்கப் பாய்ந்தான். அவனுக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது. டிராக் இருக்கிற நரம்பைக் கையால் பிடித்தால் அப்புறம் அது வெறும் நூல். மீன் ஒருக்களித்தது. தலை முதலில் வலைமேல் வரட்டும் என்று ராடைப் பின்னால் சாய்த்து இரண்டடி நடந்தேன். வளையம் எழுந்தது.

எட்டு மணி எட்டு நிமிஷம். குத்தகைத் தராசில் ஐந்து கிலோ இருநூறு. கணக்கு நோட்டில் சித்தப்பா பேரில் பற்று எழுதி வீட்டுக்கு எடுத்துவந்தோம். தலையை மாங்காய் போட்டு அம்மா குழம்பு வைத்தார். துணி துவைக்கும் பெரியம்மாவுக்கு ஒரு கிண்ணம் போனது. கிண்ணம் இன்னும் திரும்பவில்லை.

ராத்திரி சித்தப்பா கேட்காமலே நுனியை நகத்தில் வைத்துப் பார்த்தேன். முடிச்சு நின்றிருந்தது. ஆனால் முள்ளிலிருந்து இரண்டு முழத்துக்குப் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு. அல்லித் தண்டோ கல்லோ தெரியவில்லை. இன்னொரு ஓட்டம் ஓடியிருந்தால் போயிருக்கும். அதை வெட்டிக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, புது முள்ளை எடுத்து ஏழு சுற்று சுற்றி எச்சில் தொட்டேன். நாக்கில் இன்னும் புண்ணாக்கு வாசம்.