மூளை அலையில் பின்யின்: ஒரு எழுத்து தவறினால் என்ன ஆகும்?

சீன அரசு 2013-ல் வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் மட்டும் 8,105 எழுத்துகள் உண்டு. அவ்வளவுக்கும் திரையில் ஏது இடம்? அதனால் மூளை அலையைக் கொண்டு சீனம் தட்டச்சு செய்பவரும், போனில் செய்பவரைப் போல, ரோமன் எழுத்தில் உச்சரிப்பை (இதுதான் பின்யின்) உள்ளிட்டு, வரும் பட்டியலிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்கிறார். இந்த இரண்டு கட்டமும் சேரும் இடத்தில்தான் கவனம் தேவை.

பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு 2015-ல் காட்டிய விசைப்பலகையில் 40 விசைகள்: 26 எழுத்து, 10 எண், ஸ்பேஸ், கமா, புள்ளி, பேக்ஸ்பேஸ். பின்யினுக்கு இது அப்படியே பொருந்தும். எண் விசைகளைப் பட்டியலில் தேர்வு செய்ய வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு விசையும் தனக்கென ஒரு வேகத்தில் மினுங்கும்: 8 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 8 முறை) தொடங்கி 0.2 வீதம் கூடி 15.8 வரை. எந்த விசையைப் பார்க்கிறோமோ, அதே அதிர்வெண் பின்மண்டையில் எழும். அரை நொடி மினுங்கல், அரை நொடி கண்ணை நகர்த்த. ஆக, நிமிடத்துக்கு 60 தேர்வுகள்.

ஓஇசட், ஓ1, ஓ2, பிஓஇசட் என்று பெயரிட்ட இடங்கள் உட்பட பின்மண்டையில் 9 எலக்ட்ரோடுகள் போதும். எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை 10 கிலோ ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்காக ஜெல்லை அள்ளி வைக்கக் கூடாது. ஓ1-இலிருந்து ஓஇசட் வரை ஜெல் வழிந்து ஒட்டிக்கொண்டால் இரண்டு சேனலும் ஒரே கோட்டை வரையும். பார்க்கச் சுத்தமான சிக்னலாகத் தெரியும், ஆனால் ஒரு சேனல் போனது போனதுதான். துடைத்துவிட்டு மறுபடி வைப்பதைத் தவிர வழியில்லை.

அடுத்தது திரை. இதே குழு பொதுவில் வெளியிட்ட தரவுத்தொகுப்பில், 0.2 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் விசைகளுக்கு ஃபேஸிலும் (மினுங்கல் சுற்று எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்பதிலும்) 90 டிகிரி வித்தியாசம் கொடுத்திருக்கிறார்கள். அரை நொடியில் 0.2 ஹெர்ட்ஸைப் பிரித்தறிவது கடினம் என்பதால் ஃபேஸ் கைகொடுக்கிறது. இப்போது 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம் தவறினால் 16.7 மில்லி நொடி நழுவும். 15 ஹெர்ட்ஸ் விசைக்கு அது கால் சுற்று, அதாவது சரியாக 90 டிகிரி. பக்கத்து விசை தேர்வாகிவிடக்கூடும். கணிப்பு முறையைக் குறை சொல்வதற்கு முன் ஃப்ரேம் பதிவைப் பாருங்கள்.

இனி பின்யின். ‘நிஹாவ்’ என்று வணக்கம் சொல்ல ஐந்து எழுத்து, ஒரு பட்டியல் தேர்வு, மொத்தம் ஆறு. ஒரு தேர்வு 90% சரி என்றால் ஆறும் சரியாக வர வாய்ப்பு 53% தான்; 95% என்றால் 74%. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். இங்கே ‘எச்’ போய் ‘ஜி’ வந்தால் பட்டியலே வேறாகிவிடும், வேண்டிய சொல் கண்ணிலேயே படாது. அதனால் வேகத்தை விட்டுக்கொடுத்தாவது துல்லியத்தைப் பிடிக்க வேண்டும் என்பேன்.

அதற்கு பின்யினே உதவுகிறது. தொனியை விட்டுவிட்டால் சீனத்தில் சுமார் 400 அசைகள்தான். ‘கியூ’, ‘ஜே’, ‘எக்ஸ்’ வந்தால் அடுத்து ‘ஐ’ அல்லது ‘யூ’ மட்டுமே வர முடியும். மூளை அலையோடு எவ்வளவு பொருந்துகிறது என்று ஒவ்வொரு விசைக்கும் கணினி மதிப்பெண் போடும்; வர முடியாத எழுத்துகளின் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஆனால் முதலெழுத்துகளை மட்டும் தட்டும் சுருக்க முறையில் (என், எச் இரண்டே போதும்) எந்த எழுத்துக்குப் பின்னும் ஏறக்குறைய எதுவும் வரலாம், இந்த வடிகட்டி செல்லாது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. புதியவருக்கு முழுப் பின்யினும் வடிகட்டியும்தான் என் தேர்வு.

பட்டியலைப் படிக்க அரை நொடி போதாது. படிக்கும்போதும் விசைகள் மினுங்கிக்கொண்டே இருப்பதால் கணினி ஏதாவது ஒரு எழுத்தைத் தள்ளிவிடும். அதிக மதிப்பெண் பெற்ற விசையும் அடுத்த இடத்தில் உள்ள விசையும் மதிப்பெண்ணில் நெருக்கமாக இருந்தால் எதையும் வெளியிடாமல் கால் நொடி கூடக் காத்திருக்கச் சொல்லுங்கள். அந்த வரம்பை ஆளுக்கு ஆள் பயிற்சித் தரவிலிருந்து எடுக்க வேண்டும். பட்டியலில் ஒரு நேரத்தில் ஐந்து சொல் போதும்.

வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்கு மினுங்கும் திரை கூடவே கூடாது. கண்ணை நகர்த்த முடியாதவர்களுக்கும் இந்த முறை உதவாது. வேறொரு வழியாக, மூளைப் பரப்பில் எலக்ட்ரோடு வைத்துப் பேச்சையே படிக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. ஷாங்காய் ஹுவாஷான் மருத்துவமனை ஆய்வாளர்கள் 256 சேனல்களைக் கொண்டு 394 அசைகளைப் பிரித்தறிகிறார்கள். அங்கும் அசையிலிருந்து எழுத்துக்குப் போவதற்கு மொழி மாதிரியின் (எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கும் நிரலின்) துணை வேண்டியிருக்கிறது.